ரத்தம் வராத ஈறு

போன மாதம் என் பழைய டிபார்ட்மெண்ட் பெண்கள் வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷின். நோயாளி தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்புகிறார். அதில் ஒரு சொட்டை எடுத்து ஒரு பட்டையில் விடுகிறார்கள். காபி ஆற்றிக் குடிக்கும் நேரத்துக்குள் ஈறில் அழற்சி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடுகிறது. பின்னாலிருந்து ஒருத்தி, "சிஸ்டர், ஆப்கே டைம் மே கைசே கர்தே தே?" என்று கத்துகிறாள். உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று கேள்வி. என்னமோ நான் வெள்ளைக்காரன் காலத்தில் வேலை பார்த்த மாதிரி! ரிடையர் ஆகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

பதில் அடிக்க உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனது, அழித்துவிட்டேன். அதற்குள் எங்கள் செம்பூர் காலனித் தமிழ்ச் சங்க மலரைத் தொகுக்கிற மாமா வந்து கதவைத் தட்டினார். "உங்க சர்வீஸ் அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கோ. பல்லைப் பத்தி எழுதினாலும் பரவாயில்லை" என்றார். பரவாயில்லையாமே! இந்தக் காலனியில் பாதிப் பேர் காலையில் வாஷ் பேசினில் சிவப்பாகத் துப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வாக்கிங் கிளம்புகிறவர்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் கிழமை வாரியாக டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு மெட்ரோ எப்போது வரும் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பல் டாக்டர் இல்லை, டென்டல் ஹைஜீனிஸ்ட். பல்லில் படிந்த காறையை எடுப்பது, ஈறைச் சோதிப்பது, பல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. முனிசிபல் ஆஸ்பத்திரி ஒன்றின் பல் பிரிவில் என் சர்வீஸ் முழுவதும் கழிந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் என்பதால் எல்லோருக்கும் நான் பத்மா சிஸ்டர். மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அண்ணா பாங்க், அக்கா இன்ஷூரன்ஸ், அப்பா ரயில்வே ஆபீஸ். நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது அப்பா, "பாங்க் பரீட்சை எழுதுடின்னா, ஊரார் வாயைப் பாத்துண்டு உக்காரப் போறேங்கறியே" என்றார். கடைசிவரை அவர் பல்லுக்கும் நான்தான் காறை எடுத்தேன். அப்போதும் முனகிக்கொண்டேதான் வாயைத் திறந்தார்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் பிளாஸ்டர் பல்லில் சுரண்டினோம், பிறகு ஒருவர் வாயில் ஒருவர். என்னோடு படித்தவள் என் கீழ் ஈறில் போட்ட கீறல் இன்னும் நாக்குக்குத் தட்டுப்படுகிறது. ஸாவந்த் மேடத்தின் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் எனக்கு வேலை என்றால் என்ன என்று புரிந்தது.

மேடம் ஈறுப் பிரிவின் தலைவர். குள்ளம். காட்டன் புடவை, அதற்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. பேச்சு பாதி மராத்தி, பாதி பம்பாய் இந்தி. அதை நான் இங்கே தமிழிலேயே தருகிறேன். நோயாளி நாற்காலியில் சாய்ந்ததும் மற்ற டாக்டர்கள் வாயைத் திற என்பார்கள். மேடம் கையைக் கேட்பார். அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு எங்கே வீடு, எந்த லைன் டிரெயின், காலையில் என்ன சாப்பாடு என்று விசாரிப்பார். ஜோசியம் பார்க்கிறார் என்று நினைத்து ஒரு டோம்பிவிலிக் கிழவர், "சனி எப்போது விலகும் டாக்டர்?" என்று கேட்டுவிட்டார். "முதலில் காறை விலகட்டும்" என்றார் மேடம், சிரிக்காமல்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு சின்ன இடுக்கு உண்டு, சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இருப்பதுபோல. நோய் வந்தால் அது ஆழமாகிப் பைபோல ஆகிவிடும். கோடு போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பியை அதற்குள் இறக்கி எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடம். மேடம் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் சார்ட்டில் எழுதுவேன். "தீன், தோ, தீன்." மூன்று, இரண்டு, மூன்று. மூன்று வரைக்கும் கவலையில்லை. ஆறு ஏழு என்றால் அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மேடம் எட்டையும் இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எட்டைக் கேட்டு நான் "அய்யோ" என்றுவிட்டேன். மதியம் கூப்பிட்டு, "வாயைத் திறந்து படுத்திருக்கிறவருக்குக் காதும் திறந்துதான் இருக்கும், பத்மா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் யாராவது பக்கத்தில் எண்களை ஒரே சீராகச் சொன்னால், காய்கறிக்காரன் எடை சொன்னால்கூட, மேடத்தின் ஞாபகம் வந்துவிடும்.

கடைசிச் சில வருஷங்களில் மேல்படிப்பு மாணவர்களுக்காக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஈறு நோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவைப் பற்றி அவர்கள் ஆராய்ச்சி செய்தார்கள். விஷயம் இதுதான். ஈறில் கிருமி சேர்ந்தால் உடம்பு சும்மா இருக்காது, சண்டைக்கு ஆள் அனுப்பும். அந்தச் சண்டையில் ஊறுகிற ரசாயனங்கள் ஈறோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். ஈரல் தன் பங்குக்கு சி.ஆர்.பி. என்று ஒரு புரதத்தை ரத்தத்தில் விடும். ரத்தப் பரிசோதனையில் அது கூடுதலாக இருந்தால் உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எங்கே என்றுதான் அது சொல்லாது. இந்த அமளி நீடித்தால் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காது. சர்க்கரை ஏறும். ஏறின சர்க்கரை ஈறை ஆறவிடாது. இப்படி ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே போகும்.

அந்த ரசாயனங்களை அளக்க, ஈறு இடுக்கில் ஊறுகிற நீரை எடுக்க வேண்டும். பல்லை உலர்த்தி, எச்சில் வராமல் பஞ்சால் அணை கட்டி, நகத்தைவிடச் சின்னதான ஒரு காகிதத் துண்டை இடுக்கில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நீரை உறிஞ்சியதும் எடுத்துக் குப்பியில் போட்டு ஐஸில் வைத்துவிட வேண்டும். ரத்தம் பட்டால் அந்தத் துண்டு குப்பைக்கு. நோய் வந்த ஈறோ, தொட்டால் கசிகிற ஜாதி. துண்டு துண்டாகச் சிவந்துதான் வரும். மாணவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் எஸ்தர் வந்தாள். தாராவியில் வீடு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டொரு வயது சின்னவளாக இருப்பாள். புருஷன் செல்லத்துரை லெதர் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். பைகளுக்குக் கைப்பிடி தைப்பது எஸ்தரின் வேலை. இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய், பிறகு அரிசியில் கல் பொறுக்க முடியாமல் போய், இப்போது எதிரே நிற்கிறவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் செய்வோம் என்று கண் பிரிவில் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். சர்க்கரை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், ஊசி போட்டார், இறங்கவில்லை. நல்ல மனுஷர், யோசித்து சி.ஆர்.பி. எடுக்கச் சொன்னார். அது கூடுதலாக இருந்தது. நெஞ்சு, சிறுநீர் எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படவில்லை. கடைசியில் வாயையும் பார்த்துவிடலாம் என்று எங்களிடம் அனுப்பினார்.

செல்லத்துரை அண்ணாச்சி நெட்டையாக இருப்பார். வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் திறந்திருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு சிலுவை, சிலுவையோடு ஒரு பீரோ சாவி. அவர் குனிந்தால் இரண்டும் உரசி கிணுகிணு என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தாலே எஸ்தர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள்.

"இவ என்னத்தையோ திருட்டுத்தனமா திங்கா சிஸ்டர்" என்றார், நான் கேட்காமலே. "சீனி, கருப்பட்டி, பிள்ளேளுக்கு வாங்குத பிஸ்கட்டு, எல்லாத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவியக் கழுத்துல போட்டுக்கிட்டேன். அப்பவும் சுகர் ஏறுதுன்னா எப்படி? நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சா வாயப் பொத்திக்கிடுதா. கேட்டா ஒண்ணுமில்லைங்கா."

"கர்த்தர் சாட்சியா நான் இனிப்பத் தொடலைங்க."

"கர்த்தர இதுல இழுக்காத!"

வரிசையில் நின்ற தமிழ் ஜனங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஏனோ அந்த மனிதரை அப்போதே பிடிக்காமல் போயிற்று.

மேடம் வழக்கம்போல் கையைப் பிடித்துப் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். பிறகு கம்பியை எடுத்தார். "சாத், ஆட், சாத்." ஏழு, எட்டு, ஏழு. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. நான் எழுதிக்கொண்டே போனேன். இரண்டு பல் விரலால் தொட்டாலே ஆடின. மாணவர் காகிதத் துண்டுகளோடு வந்தார். முதல் துண்டு வெளியே வந்தது, வெள்ளையாக. இரண்டாவதும் வெள்ளை. எல்லாமே துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று வந்தன. பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "பெர்ஃபெக்ட் சாம்பிள் மேடம்!" என்று குதித்தான்.

மேடம் குதிக்கவில்லை. கம்பியை மறுபடி இறக்கி, எடுத்து, காத்திருந்தார். ரத்தம் இல்லை. இன்னொரு இடத்தில் இறக்கினார். அங்கேயும் இல்லை. "எட்டு ஆழத்தில் எப்படி ரத்தம் வராமல் இருக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எஸ்தரின் வலது கையை மறுபடி எடுத்தார். ஆள்காட்டி விரலை விளக்குக்கு நேராகத் திருப்பினார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்திருக்கிறாள், பாவம். ஆனாலும் நக ஓரத்தில் பழுப்பு போகவில்லை. மேடம் அந்த விரலை முகர்ந்து பார்த்தார். "மஷேரி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "புருஷனை வெளியே உட்காரச் சொல்."

புகையிலையைத் தோசைக்கல்லில் கருக வறுத்துப் பொடித்து, காலையில் விரலால் ஈறில் தேய்ப்பார்களே, அதுதான் மஷேரி. மராட்டிப் பெண்கள் சிலரிடம் உள்ள பழக்கம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற நம் பெண்களுக்கும் தொற்றிக்கொள்ளும். புகையிலை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால் ஈறு சிவக்காது, கசியாது. தேய்க்கிறவளுக்கு ஈறு கெட்டியாக இருக்கிறது, வலி இல்லை, ரத்தம் இல்லை என்று நம்பிக்கை. உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொடி போடுகிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இல்லவே இல்லை என்றாள். பிறகு அழுதாள்.

"சின்னவன் வயித்துல இருக்கும்போது பல்லு வலின்னா வலி, அப்படி ஒரு வலிக்கா. பைப்புல தண்ணிக்கு நிக்கும்போது பக்கத்து வீட்டு மராட்டிக்காரி ஒரு சிட்டிகை குடுத்தா. வலி பறந்துட்டு. அன்னைலேருந்து விட முடியல."

"அவர்கிட்ட சொல்லித் தொலைக்கப்படாதா? திருடின்னு ஊரைக் கூட்டிச் சொல்றாரே!"

"அவிய அண்ணன் பொகையிலையாலதான் செத்தாரு. வாயில புத்து. இவிய வருசா வருசம் சபையில எந்திச்சு நின்னு, எங்க வீட்டுல அந்தச் சனியன் நுழையாதுன்னு சாட்சி சொல்லுதாவ. இனிப்புத் திருடின்னா நாலு பேரு சிரிப்பாவ, போட்டும். இது தெரிஞ்சா அவிய எப்படிக்கா தலை நிமிந்து நிப்பாவ?"

எனக்கு வந்ததே கோபம்! "கண்ணு போயிண்டிருக்கு, பல்லு போயிண்டிருக்கு, திருடிப் பட்டம் வேற. எல்லாம் ஒரு டப்பாப் பொடிக்காகவா? பைத்தியமா உனக்கு?" என்று கத்திவிட்டேன். மேடம் என் தோளைத் தொட்டார். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பொடியை இன்றோடு விட வேண்டும். விட்டால் ஈறுக்கு உயிர் திரும்பும், திரும்பும்போது ரத்தம் வரும். அது நல்லதுக்குத்தான், பயப்படக் கூடாது. விஷயம் எங்களைத் தாண்டி வெளியே போகாது. சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். எஸ்தர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். நான் அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

அன்று வாயின் வலப் பாதியை மரக்க வைத்துச் சுத்தம் செய்தோம். ஈறுக்கு அடியில் வேர்வரை போய்ச் சுரண்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் கண். காறை இருக்கிற இடத்தில் கருவி சொரசொரவென்று தடுக்கும். எடுக்க எடுக்கச் சத்தம் மாறி, கடைசியில் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கும். அந்த வழுக்கல் விரலுக்குத் தெரியும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். இப்போதும் சில நாள் கை ஏங்குகிறது.

அடுத்த வாரம் இடப் பாதிக்கு வரச் சொல்லியிருந்தோம். வந்தார்கள். சாவிச் சத்தம் வராந்தாவிலேயே கேட்டது. அண்ணாச்சி ஒரு கைக்குட்டையை விரித்து மேடத்தின் மேஜைமேல் போட்டார். முழுக்க ரத்தக் கறை.

"இங்க வரும்போது இவளுக்கு ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. கம்பிய வச்சுக் குத்தினீய, சொரண்டினீய. இப்ப காலையில எந்திச்சா தலையாணியெல்லாம் ரத்தம்! தர்மாஸ்பத்திரின்னா ஏழைபாழை வாயில படிச்சுப் பாப்பியளோ? கம்ப்ளெயின்ட் குடுப்பேன். மேல வரைக்கும் போவேன்."

வராந்தாவே கூடிவிட்டது. நான் மேடத்துக்கு மொழிபெயர்த்தேன். வரிக்கு வரி என் ரத்தம் கொதித்தது. ஈறுக்காகவே உயிரை விடுகிற அந்த மனுஷியைப் பார்த்து இந்தப் பேச்சா? உங்கள் மனைவி என்ன செய்தாள் தெரியுமா என்று ஒரே ஒரு வாக்கியம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேடம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வேண்டாம் பத்மா. அது அவளுடையது" என்றார். பிறகு, அதே எண் சொல்கிற குரலில், "கம்ப்ளெயின்ட் எழுதட்டும். பேனா இல்லையென்றால் என்னுடையதைக் கொடு" என்றார். நிஜமாகவே பேனாவைக் கழற்றி நீட்டினார். அண்ணாச்சி அதை வாங்கியும்விட்டார்.

எஸ்தர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரல் வந்த பக்கம் திரும்பினாள். வாயை மூடியிருந்த தலைப்பைக் கீழே இறக்கினாள்.

"ஏங்க, அந்த அம்மாவ ஏசாதிய. அவிய மேல தப்பில்ல. நான் பொகையிலைப் பொடி போட்டேன்."

"என்னளா சொல்லுத?"

"பல்லுல போட்டேன். ரொம்ப வருசமா. சின்னவன் வயித்துல இருந்ததுலேருந்து. அதனாலதான் ரத்தம் வரல. இப்ப விட்டுட்டேன், அதான் வருது. இவிய முந்தியே சொன்னாவ, வரும்னு."

கூட்டத்தில் அவர் சபைக்காரர்கள் யாராவது இருந்தார்களோ என்னவோ, அண்ணாச்சி ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அவர் கை தானாகவே கழுத்துக்குப் போய்ச் சிலுவையையும் சாவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"அப்ப... இனிப்பு?"

"தொடலைங்க. அன்னைக்கே சொன்னேன்லா."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எஸ்தர், "போயிட்டாவளா?" என்று என்னைக் கேட்டாள். "உக்காருடியம்மா" என்றேன்.

"விளக்கைப் போடு" என்றார் மேடம். இடப் பாதியைத் தொடங்கினோம். இந்தத் தடவை ரத்தம் வந்தது, நன்றாகவே வந்தது. மாணவரின் துண்டுகள் எல்லாம் சிவந்து வீணாயின. மேடம் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். ஆடின இரண்டு பல்லையும் எடுத்துவிட்டோம். எஸ்தர் அசையவே இல்லை. கண்ணோரத்தில் மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது, அது வலியால் இல்லை என்று எனக்குத் தெரியும், மரக்க ஊசி போட்டதே நான் பார்க்கத்தானே.

முடித்துவிட்டு வெளியே போனேன். போயே போய்விட்டிருப்பார், இவளை டாக்ஸியில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். வராந்தாக் கோடி பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"சிஸ்டர், எங்க அண்ணனுக்கும் ரத்தம் கித்தம் ஒண்ணும் வரல. கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருக்கு நல்லாத்தான் இருக்குன்னான்." "இவளுக்கும் அதானா? மறைக்காமச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷர் கோபத்தில் எழுந்து போகவில்லை, பயந்துபோய் வெளியே வந்திருக்கிறார். இத்தனை நாள் அவர்மேல் இருந்த கடுப்பெல்லாம் கரைந்து எனக்கே அழுகை வந்தது. "இல்லை அண்ணாச்சி. மேடம் நாக்கு, கன்னம் எல்லா இடமும் நன்னாப் பாத்துட்டா. அது இல்லை. வெறும் ஈறு வியாதிதான், சரியாயிடும்" என்றேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே போய், எஸ்தரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சாவி மட்டும் கழுத்திலேயே தொங்கியது. படியிறங்கும்போது கிணுகிணு என்ற சத்தம் கேட்டது. இவ்வளவு ஆன பிறகும் அதைக் கழற்றத் தோன்றவில்லையே என்று எனக்கு மறுபடியும் எரிச்சல்தான்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வந்தார்கள். "காலையில வெரல் சும்மா இருக்க மாட்டேங்குக்கா" என்பாள் எஸ்தர். வெறும் விரலால் ஈறை அமுக்கி விடு என்று சொல்லிக்கொடுத்தேன். எட்டுகள் ஐந்தாகின, ஐந்துகள் நாலாகின. சி.ஆர்.பி. இறங்கியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் இறங்க ஆரம்பித்தது, தடாலென்று இல்லை, மெல்ல மெல்ல. மாணவர் இதை அப்படியே கட்டுரையாக எழுதிவிடத் துடித்தார். மேடம் விடவில்லை. "ஈறைச் சுத்தம் செய்தால் சர்க்கரை போய்விடும் என்று எழுதினாயோ, தொலைத்துவிடுவேன். மாத்திரை, ஊசி, சாப்பாடு எல்லாம் வேலை செய்தன. நடுவில் ஒரு தடங்கல் இருந்தது, நாம் எடுத்தோம். அவ்வளவுதான்" என்றார். கண் பிரிவில் தேதி கொடுத்த அன்று எஸ்தர் எங்கள் டிபார்ட்மெண்டுக்கே டீ வாங்கித் தந்தாள். சர்க்கரை இல்லாத டீ! குடிக்க முடியாமல் குடித்தோம்.

மேடம் ரிடையர் ஆகி கொங்கண் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போன் பேசினால் மாங்காய் விளைச்சலைப் பற்றித்தான் பேசுகிறார். எனக்கு அவர் பக்கத்தில் சார்ட்டோடு நிற்கிற ஆசை இன்னும் தீரவில்லை. கிராம்புத் தைல வாசனை, ஸ்டெரிலைசர் மூடி திறக்கும்போது வருகிற ஆவி, "தீன், தோ, தீன்." மெஷின் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நல்ல மெஷின்தான். எஸ்தர் அதில் துப்பியிருந்தால், ரத்தம் வராமலேயே அழற்சி இருக்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருக்கும். பெண்களுக்கு அதைத்தான் பதிலாக எழுதினேன். கூடவே, துப்பச் சொல்வதற்கு முன்னால் கையை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள் என்றும் எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

ஆபரேஷன் முடிந்து எஸ்தர் முதல்முறை வந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரும் கைப்பிடிக்காமல் தானே நடந்து வந்தாள். அண்ணாச்சி கீழே மருந்து வாங்குகிற வரிசையில் நின்றிருந்தாராம். "வாடியம்மா" என்ற என் குரலைக் கேட்டதும் கண்ணாடியைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யக்கா, நீங்களா? குரலு கொமரி மாதிரில்லா இருந்துச்சு! இம்புட்டு நரையா?"

"கண்ணு தெரிஞ்சா முதல்ல என்னைத்தான் வம்புக்கு இழுக்கணுமா? போறும், வாயைத் திற" என்றேன். கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் கேட்கிறதை நானும் கேட்டேன். "கட்டை அவுத்ததும் முதல்ல என்ன தெரிஞ்சுது?"

அவள் தண்ணீரைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். தலைப்பால் மூடவில்லை.

"அவியதான் முன்னால குனிஞ்சு நின்னாவ. தெரியுதாளா, தெரியுதாளான்னு கேட்டாவ. நான் கழுத்தத்தான் பாத்தேன். சிலுவை மட்டுந்தான் கெடந்துச்சுக்கா."